பதினொரு மாதம் போய்விட்டது, அப்பாவின் கை இனித் திரும்புமா?

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரு மகள் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு 61 வயது. செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் மரவள்ளியும் செய்தவர், ஊர்ப் பிள்ளையார் கோயிலில் பூசை நேரம் தேவாரம் படிப்பவர். பதினொரு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் பாதிக்கப்பட்டன. இப்போது இடக்கையில் பொல்லைப் பிடித்தபடி முற்றம்வரை நடக்கிறார். வலக்கையைத் தோள்மட்டம்வரை தூக்குகிறார், மணிக்கட்டைக் கொஞ்சம் நிமிர்த்துகிறார், விரல்கள் அரைகுறையாக விரிகின்றன. ஆனால் அந்தக் கையால் ஒன்றும் செய்வதில்லை. "ஓம்", "இல்லை", "அது அது" என்பதற்கு மேல் பேச்சு வருவதில்லை, தேவாரம் மட்டும் சொல் பிசகாமல் பாடுகிறார். அம்மாதான் அவருக்குத் தீத்துகிறார், சேர்ட் போட்டுவிடுகிறார், அவருக்காகக் கதைக்கிறார். ஆறு மாதம் முடிந்த நேரம் யாரோ "வந்தது வந்ததுதான், இனி மூளை மாறாது" என்று சொல்லிவிட்டார்கள், அதோடு பிசியோதெரபிக்குப் போவதும் நின்றுவிட்டது. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, இந்தியாவில் ஸ்டெம் செல் (வேறு அணுக்களாக மாறக்கூடிய குருத்தணு) சிகிச்சை செய்யலாம், தோட்டக் காணியை விற்போம் என்கிறார். ஃபோனில் மூளைப் பயிற்சி விளையாட்டு ஒன்றுக்குச் சந்தாவும் கட்டிவிட்டார். சித்தப்பா நரம்பு வளர்க்கும் பொடி என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக் குளிசைகளை நிறுத்தச் சொல்கிறார். மனிதர் மூளையில் பத்து வீதத்தைத்தான் பாவிக்கிறார், மிச்சத்தை எழுப்பினால் எல்லாம் திரும்பும் என்று வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. ஆட்கள் பார்க்க வந்தால் அப்பா அழுகிறார். மகள் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு முழுநேரமும் இருந்தால் மூளை மாறுமா என்று கேட்கிறார்.

தங்கச்சி,

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். பதினொரு மாதத்திலும் மூளை மாறும், அறுபத்தொரு வயதிலும் மாறும். ஒருவர் ஒவ்வொரு நாளும் எதைச் செய்கிறாரோ அதற்கேற்ற மாதிரி மாறும், எதைச் செய்யாமல் விடுகிறாரோ அதற்கேற்ற மாதிரியும் மாறும். உங்கள் கடிதத்தை வாசித்தபோது எனக்கு உறைத்தது இந்தப் பின்பாதிதான். பிசியோதெரபி நின்ற நாளிலிருந்து உங்கள் வீட்டில் அப்பாவின் மூளை சும்மா இருக்கவில்லை. வலக்கை இல்லாமல் வாழவும் பேச்சு இல்லாமல் காரியம் முடிக்கவும் அது நன்றாகப் பழகிக்கொண்டு வருகிறது. அதை மாற்றலாம். அதற்குக் காணி விற்கத் தேவையில்லை, நீங்கள் வேலையை விடவும் தேவையில்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் கொஞ்சம் மாற வேண்டும், அது காணி விற்பதைவிடக் கஷ்டமாக இருக்கலாம்.

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பாரிசவாதத்துக்குப் பிறகு தானாக வரும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்தில் வந்துவிடும், ஆறு மாதத்தோடு அந்த வேகம் நன்றாகக் குறைந்துவிடும். மூளையின் இரத்தக்குழாயில் வந்த அடைப்பைச் சுற்றியிருந்த வீக்கம் வடிவது, சாகாமல் ஆனால் வேலை செய்யாமல் கிடந்த பகுதிகள் மறுபடி இயங்குவது, மிச்சமுள்ள நரம்பணுக்கள் புதிய இணைப்புகளை விடுவது எல்லாம் அந்தக் காலத்தில்தான் மும்முரமாக நடக்கும். அந்த மாதங்களை வீணாக்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். ஆனால் தானாக வருவது குறைந்துவிட்டது என்பதற்காகப் பயிற்சியால் வருவதும் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

மூளை மாறாது என்ற நம்பிக்கை படிக்காதவர்களின் நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். நவீன நரம்பியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் ஸ்பெயினைச் சேர்ந்த சந்தியாகோ ரமோன் இ கஹால், 1906இல் நோபல் பரிசு பெற்றவர். வளர்ந்தவரின் மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, இனி மாறாதவை என்று அவரே எழுதினார். முடிந்தால் எதிர்கால அறிவியல் இந்தக் கடுமையான தீர்ப்பை மாற்றட்டும் என்றும் சேர்த்து எழுதினார், அதைப் பலர் மறந்துவிட்டார்கள். தீர்ப்பு உண்மையில் மாறியது. லண்டனில் டாக்சி ஓட்டுநர் அனுமதி பெறுவதற்கு ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும்; அந்த ஓட்டுநர்களின் மூளையில் இடங்களை நினைவில் வைக்கும் பகுதியின் பின்பாகம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000ஆம் ஆண்டில் காட்டினார்கள். பிறவியிலேயே அப்படி இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். 2011இல் படிக்கத் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துப் பார்த்தார்கள். படித்துச் சித்தியடைந்தவர்களிடம் மாற்றம் தெரிந்தது, சித்தியடையாதவர்களிடம் தெரியவில்லை. எல்லாரும் வளர்ந்த ஆட்கள்தான்.

அது சுகமான மூளை. உங்கள் அப்பாவுக்குப் பொருந்துவது 1996இல் வந்த குரங்கு ஆய்வு ஒன்று. கையை இயக்கும் பகுதியில் சிறிய அடைப்பை உண்டாக்கினார்கள். சில குரங்குகளைச் சும்மா விட்டார்கள். அடிபடாமல் பக்கத்தில் இருந்த பகுதியிலும் கைக்கென்று இருந்த இடம் அவற்றில் சுருங்கிப்போனது. வேறு சில குரங்குகளுக்கு அந்தக் கையாலேயே சின்னக் குழிகளிலிருந்து சாப்பாட்டை எடுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவற்றில் கைக்கான இடம் தப்பியது, சிலவற்றில் முன்பு முழங்கைக்கும் தோளுக்கும் இருந்த பகுதிக்குள்ளும் கை இடம்பிடித்தது. அடைப்பு செய்த சேதம் ஒன்று. அதற்குப் பிறகு அந்தக் கையைப் பாவிக்காமல் விடுவது செய்யும் சேதம் இன்னொன்று.

நீங்கள் தோட்டக்காரரின் மகள், அதனால் இப்படிச் சொன்னால் சட்டென்று விளங்கும். பெரிய வாய்க்கால் இடிந்து தூர்ந்துவிட்டால் அது திரும்ப வராது. பக்கத்தில் இருக்கும் சின்ன வாய்க்கால் வழியாகத் தண்ணீரை விட விட அது அகலும். எந்தப் பாத்திக்கு விடுகிறோமோ அந்தப் பக்கம் அகலும், விடாமல் நிறுத்தினால் அதுவும் புல் மூடிவிடும். முழுத் தோட்டத்துக்கும் முன்பு போல நீர் பாயும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அந்தப் பத்து வீத வீடியோ பொய். தூங்கிக் கிடந்து இப்போது எழுப்பப்படக் காத்திருக்கும் தொண்ணூறு வீதம் என்று ஒன்று இல்லை. அப்படி இருந்திருந்தால் ஒரு சின்ன அடைப்பு ஒரு மனிதரின் கையையும் காலையும் பேச்சையும் சேர்த்து விழுத்தியிருக்குமா?

அம்மாவிடம் எப்படிச் சொல்வது

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் மிக முக்கியமாக எடுக்கிறேன்: "மணிக்கட்டு நிமிரும், விரல் கொஞ்சம் விரியும், ஆனா அந்தக் கையால ஒண்டும் செய்யமாட்டார்." அசைவு இருக்கிறது, பாவனை இல்லை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டவுப் இதைப் பல வருடம் படித்தவர். ஆரம்பத்தில் அந்தக் கையால் முயன்று முயன்று தோற்றுப்போன ஒருவர், மறுகையால் காரியம் முடிவதைக் கண்டு, அடிபட்ட கையை விட்டுவிடப் பழகிக்கொள்கிறார். பிறகு அந்தக் கையில் கொஞ்சம் பலம் திரும்பினாலும் பழகிய பழக்கம் போவதில்லை. அப்பாவுக்கு இடக்கை மட்டும் இல்லை, அம்மாவின் இரண்டு கைகளும் இருக்கின்றன. பசிக்க முன்னம் சாப்பாடு வருகிறது. "அது அது" என்று தொடங்கினால் மிச்சத்தை அம்மா சொல்லி முடித்துவிடுகிறார். அவர் வாய் திறந்து கேட்க வேண்டிய தேவையே வீட்டில் இல்லாமல் போய்விட்டது.

அம்மாவில் பிழை பிடிக்க நான் வரவில்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர் சோற்றைச் சிந்திக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதுவும் வந்து போகிற சனம் "புருஷனைப் பாக்காமல் விட்டிட்டா" என்று சொல்லுமோ என்ற பயமும் சேர்ந்திருக்கும். அதனால் "நீங்கள்தான் கெடுக்கிறீர்கள் அம்மா" என்று தொடங்காதீர்கள், அந்த வார்த்தையோடு கதை முடிந்துவிடும். செய்யாதீர்கள் என்பதற்குப் பதிலாக வேறு ஒரு வேலையைக் கொடுங்கள்: ஒரு நாளைக்கு ஒரு சாப்பாடு, பெரும்பாலும் காலைச் சாப்பாடு, அப்பாவே சாப்பிட வேண்டும், அம்மா பக்கத்தில் இருந்து கோப்பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புட்டு உதிரும், எடுக்கக் கஷ்டம். இடியப்பம், தோசை, வாழைப்பழத் துண்டு போன்றவற்றில் தொடங்கலாம். விளிம்பு உயர்ந்த கோப்பை, அடியில் ஈரத்துணி. சாப்பிடும்போதோ தண்ணீர் குடிக்கும்போதோ இருமலும் புரையேற்றமும் வருகிறதென்றால் இதைத் தொடங்க முன்னரே விழுங்குவதை வைத்தியரிடம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். அதில் அலட்சியம் வேண்டாம், சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும்.

கைக்கு என்ன செய்யலாம்

நல்ல கையைக் கட்டிவைத்து அடிபட்ட கையை வேலை செய்யவைக்கும் சிகிச்சையை அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேர் சேர்க்கப்பட்டிருந்தார்கள். சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை போட்டுக்கொண்டு, மற்றக் கையால் கடுமையாகப் பயிற்சி செய்தார்கள். வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் கை நன்றாக முன்னேறியது, ஒரு வருடத்துக்குப் பிறகும் அந்த முன்னேற்றம் இருந்தது. இது எல்லாருக்கும் சரிவராது, மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது தாமாக நிமிர வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அது இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது, அதனால்தான் எனக்கு நம்பிக்கை. ஆனால் கையைத் தொட்டுப் பார்க்காமல் நான் முடிவு சொல்ல முடியாது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டவுள்ள ஆதார வைத்தியசாலையிலோ பிசியோதெரபிப் பிரிவில் மறுபடி காட்டுங்கள், இந்தப் பயிற்சிக்கு ஏற்றவரா என்று நேரடியாகக் கேளுங்கள். பதினொரு மாதம் ஆகிவிட்டதே என்று கூச்சப்படாதீர்கள்.

வீட்டில் செய்யும்போது கவனிக்க வேண்டியவை:

1. உறை போடுவது ஒரு நாளைக்குச் சில மணி நேரம், கதிரையில் உறுதியாக இருக்கும்போது மட்டும். நடக்கும்போது கட்டாயம் கழற்ற வேண்டும், அவருக்குப் பொல்லுப் பிடிக்கிற கை அதுதான், விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். சுடுகிற தேத்தண்ணி, கத்தி, அடுப்புக்குக் கிட்டவும் வேண்டாம்.

2. எண்ணிக்கை முக்கியம். 2009இல் வட அமெரிக்கச் சிகிச்சை நிலையங்களில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். ஓர் அமர்வில் அடிபட்ட கையை ஒரு காரியத்துக்காகப் பாவித்தது சராசரியாக 32 தடவைதான். மூளையில் மாற்றத்தைக் காட்டிய விலங்கு ஆய்வுகளிலோ ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை. கிழமையில் ஒருநாள் ஆஸ்பத்திரியில் அரைமணி நேரம் செய்துவிட்டு வந்தால் போதாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

3. பந்தை அமுக்கிக்கொண்டிருப்பதை விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிந்த வேலையைக் கொடுங்கள். ஒரு சுளகில் வெங்காயத்தைக் கொட்டி, வலக்கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பெரிது ஒரு பக்கம், சின்னன் ஒரு பக்கம் பிரிக்கச் சொல்லுங்கள். வெங்காயம் தரம் பிரிப்பது அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை, கண் உடனே பிடித்துக்கொள்ளும், கை பின்னால் வரும். ஐம்பது வெங்காயம் என்றால் ஐம்பது தடவை விரித்துப் பிடித்து விட்டிருக்கிறார். லேசாகிவிட்டதும் கொஞ்சம் கடினமாக்குங்கள். கச்சான் உடைப்பது, போத்தல் மூடி திறப்பது, சேர்ட் பொத்தான் போடுவது என்று. முழுக்கச் சுலபமாக முடிகிற வேலையில் மூளைக்குப் படிக்க ஒன்றும் இல்லை, முழுக்கத் தோற்கிற வேலையில் மனம் விட்டுப்போகும்.

4. கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். முகட்டில் கப்பி போட்டு, நல்ல கையால் மற்றக் கையை மேலே இழுக்கும் பயிற்சி சில வீடுகளில் நடக்கிறது, அதையும் தொடங்க வேண்டாம். தோள் மூட்டு விலகி வலி பிடித்தால் பிறகு அந்தக் கையைத் தொடவே விடமாட்டார்.

கண்ணாடி முறையும் பிசியோதெரபியில் கேட்டுப் பார்க்கலாம். நல்ல கையின் பிம்பம் அடிபட்ட கை இருக்கும் இடத்தில் தெரிகிறமாதிரிக் கண்ணாடியை நிறுத்தி, இரண்டு கையையும் அசைக்க முயல்வது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் இதை 1990களில் அறிமுகப்படுத்தியது கை கால் இழந்தவர்களுக்கு, அந்த இல்லாத உறுப்பில் வரும் வலியைக் குறைக்க. இல்லாத காலில் வலி வருவது என்னவென்று எங்கள் ஊரில் விளங்கப்படுத்தத் தேவையில்லை, போரில் கால் இழந்த எத்தனையோ பேர் அதோடு வாழ்கிறார்கள். மூளை தன்னை மாற்றிக்கொள்வது எப்போதும் நல்லதாகவே முடியும் என்று நினைப்பவர்கள் அவர்களிடம் கேட்க வேண்டும். பாரிசவாதக் கைக்கும் கண்ணாடி முறை ஓரளவு உதவுகிறது, செலவும் கிட்டத்தட்ட இல்லை.

பேச்சும் தேவாரமும்

இந்த இடத்தில் ஒரு தவறான எண்ணத்தைக் கட்டாயம் திருத்த வேண்டும். "அப்பாவுக்கு இப்ப ஒண்டும் விளங்காது எண்டு நினைக்கிறம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், காணி விற்கிற கதை வந்ததும் அவர் பொல்லால் நிலத்தில் தட்டினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். விளங்காத மனிதர் ஏன் தட்டுகிறார்? இடப்பக்க மூளையில் மொழிக்கான பகுதி அடிபட்டால் பேச்சு போகும் என்பது 1860களில் பாரிசில் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியர் காட்டியதிலிருந்து தெரிந்த விஷயம். போவது சொல்லை எடுத்துத் தருகிற வழி. புத்தி, ஞாபகம், யார் தன்னவர், எது தன் காணி என்கிற அறிவு அதோடு சேர்ந்து போவதில்லை. நீளமான வசனம் விளங்குவதில் சிரமம் இருக்கலாம். அதற்காக அவர் முன்னாலேயே அவரைப் பற்றி மற்றவர்களோடு கதைப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள்.

தேவாரம் வருகிறது, பேச்சு வரவில்லை என்பதை ஊரில் சிலர் அதிசயம் என்கிறார்கள், சிலர் நடிக்கிறார் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர் நடிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து பாடிப் பழகிய பாட்டு, எண்ணிக்கை, கிழமைகளின் பெயர் போன்றவை ஒரே ஓட்டமாக வருபவை, புதிதாக ஒரு வசனத்தைக் கட்டிப் பேசுவதைப் போல அவை மூளையில் நடப்பதில்லை. அதனால் பேச்சிழந்தவர்கள் பலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கிறது. ஆனால் தேவாரத்தையே நாள் முழுக்கப் பாடவைத்தால் பேச்சு தானாக வந்துவிடாது, தேவாரம்தான் இன்னும் நன்றாக வரும். மூளை பயிற்சி செய்ததைத்தான் படிக்கும். அந்த இராகத்தைப் பேச்சுக்கு ஏணியாக்க வேண்டும். 1970களில் அமெரிக்காவில் உருவான ஒரு முறை இருக்கிறது: அன்றாடம் தேவைப்படும் சின்ன வசனங்களை, "தண்ணி வேணும்", "கோயிலுக்குப் போவம்", "கால் நோகுது" போன்றவற்றை, இழுத்து இராகமாகச் சொல்லி, ஒவ்வோர் அசைக்கும் இடக்கையால் தொடையில் தட்டவைப்பது. முதலில் நீங்களும் சேர்ந்து, பிறகு மெல்ல நீங்கள் ஒதுங்கி, கடைசியில் இராகத்தைக் குறைத்துப் பேச்சாக. கோயிலில் படித்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமாக எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. ஆனாலும் பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் அவரைப் பார்த்து வசனங்களைத் தெரிவு செய்வது நல்லது.

காலம் கடந்துவிட்டதா என்பதற்கு இதிலும் பதில் இருக்கிறது. 2017இல் ஜெர்மனியில், பாரிசவாதம் வந்து ஆறு மாதத்துக்கு மேலான, எழுபது வயதுக்கு உட்பட்ட 150க்கும் மேற்பட்டவர்களை எடுத்து, மூன்று வாரமாவது, வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது பேச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். பேச்சு முன்னேறியது. கிழமைக்குப் பத்து மணி நேரத்தை எங்கள் ஊரில் எந்தக் கிளினிக்கும் தராது, அதனால் சிகிச்சையாளர் காட்டித் தருவதை வீட்டில் தொடர்ந்து செய்ய வேண்டிவரும்.

அண்ணாவுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்துக்கு வீடியோ கோல் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அப்பா சொல்லும்வரை பேசாமல் காத்திருக்க வேண்டும், அம்மா குறுக்கே விழக் கூடாது. அந்த மௌனம் ரொறன்ரோவில் இருக்கிறவருக்கு நெஞ்சை அடைக்கும், லைன் கட்டாகிவிட்டதோ என்று இருக்கும். காத்திருக்கட்டும். பேரப்பிள்ளையின் பெயர் ஒரு நாள் வரும்போது அது அப்பாவே தேடி எடுத்த சொல்லாக இருக்க வேண்டும்.

காணி, ஸ்டெம் செல், பொடி, ஃபோன் விளையாட்டு

காணியை விற்காதீர்கள். பாரிசவாதத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை, ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதலே, சில இரத்த நோய்கள் போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்ட தேவைகளைத் தவிர மற்றதெல்லாம் பதிவு செய்யப்பட்ட ஆய்வாக மட்டுமே நடக்கலாம் என்கிறது. அண்ணா அந்த நிலையத்திடம் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இது எந்த இலக்கத்தில் பதிவான ஆய்வு, ஆய்வென்றால் எங்களிடம் ஏன் காசு? அதற்கு மேல் ஒன்று. அப்பாவின் காணி அப்பாவுடையது. பேச்சு போனதால் அந்த உரிமை போகவில்லை. படம் காட்டி, ஓம் இல்லை என்று பதில் வரும்படி சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்டு அவருடைய விருப்பத்தை அறியுங்கள். கையெழுத்து, காணி உறுதிப் பத்திரம் என்று வந்தால் சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள், அவசரத்தில் பெருவிரல் அடையாளம் எடுக்க யாரையும் விடாதீர்கள்.

ஃபோன் விளையாட்டால் கெடுதி இல்லை, ஆனால் அந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரராவார். 2016இல் அமெரிக்காவில் இப்படி ஒரு விளையாட்டு நிறுவனம், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக 20 லட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. அந்தச் சந்தாக் காசைப் பேச்சுச் சிகிச்சைக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள்.

பொடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமல் நான் நல்லது கெட்டது சொல்ல முடியாது. ஆனால் அதற்காக பிரஷர்க் குளிசையையும் இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் குளிசையையும் நிறுத்தினால் அடுத்த பாரிசவாதத்தை வீட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள். முதலாவதில் மிஞ்சியதை இரண்டாவது கொண்டுபோய்விடும், பயிற்சி செய்ய ஒன்றும் இருக்காது. சித்தப்பாவிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாக இதைச் சொல்லுங்கள். ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு மூன்றையும் குறையுங்கள், எங்கள் சாப்பாட்டில் உப்பு ஒளிந்திருப்பது அங்கேதான். முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு திடீரென்று இன்னும் மோசமானாலோ உடனே 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் இருக்கிறது.

மூளையை வளர்க்கும் என்று மனச்சோர்வுக் குளிசை ஒன்றையும் யாரோ எழுதச் சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்த எண்ணம் ஒரு காலத்தில் எங்களுக்கும் இருந்தது. 2018இல் பிரித்தானியாவில் 3000 பேருக்கு மேல் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில் உடல் செயல்பாட்டில் கூடுதல் முன்னேற்றம் ஒன்றும் தெரியவில்லை, எலும்பு முறிவு கூடியது. மூளை வளர்வதற்கு அது வேண்டாம். ஆனால் உண்மையிலேயே மனச்சோர்வு இருந்தால் மருந்து தேவைப்படலாம், அது வேறு கதை. பாரிசவாதம் வந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஆட்களைக் கண்டதும் வரும் அழுகை அதுவாகவும் இருக்கலாம், அழுகையை அடக்கும் வழி அடிபட்டதால் சும்மாவே பொங்குவதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. கிளினிக்கில் இதைச் சொல்லுங்கள், "வயசுபோன ஆள், அழட்டும்" என்று விடாதீர்கள்.

உங்கள் வேலை

வேலையை விடாதீர்கள். நாள் முழுக்க நீங்கள் பக்கத்தில் இருந்தால் அம்மாவுக்குப் பதில் நீங்கள் தீத்தத் தொடங்குவீர்கள், அவ்வளவுதான் நடக்கும். பயிற்சிக்கு வேண்டியது காலையில் ஒரு மணி நேரம், பின்னேரம் ஒரு மணி நேரம், அதைத் தவறாமல் செய்ய ஓர் ஒழுங்கு. காலையில் அம்மா, பள்ளிக்கூடம் விட்டு வந்து நீங்கள், இரவு அண்ணா என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவர் நல்லாக நித்திரை கொள்ளவும் வேண்டும், படித்தது மூளையில் பதிவதற்கு நித்திரை தேவை. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப்பணத்துக்கு அப்பா தகுதியானவரா என்று கேளுங்கள், அதைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நீங்கள் ஆசிரியை, அதனால் ஒரு கொப்பி போடச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள். ஒவ்வொரு நாளும் வலக்கையால் எத்தனை வெங்காயம் எடுத்தார், தானாக என்ன சொல் சொன்னார், எந்த வேலையில் உதவி தேவைப்பட்டது என்று மூன்று வரி. முதல் இரண்டு மூன்று கிழமை ஒன்றும் மாறாத மாதிரித்தான் இருக்கும், அந்த நேரம்தான் வீட்டில் எல்லாரும் கைவிடப் பார்ப்பார்கள். மூன்று மாதம் எழுதுங்கள். மண்வெட்டி பிடிக்கிற கை திரும்ப வரும் என்று நான் சொல்ல மாட்டேன். தன் கையால் சாப்பிட்டு, தன் சேர்ட்டைத் தானே போட்டு, தனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற அளவுக்கு வர வாய்ப்பிருக்கிறது என்று அவரைப் பற்றி நீங்கள் எழுதியதை வைத்துச் சொல்கிறேன். அடுத்த கிளினிக் நாளுக்கு அந்தக் கொப்பியையும் எல்லாக் குளிசைகளையும் அந்தப் பொடிப் பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.